ஹை-ஃபை கேள்வி-பதில்: எந்த நாற்காலியில் உட்காருவது?

(ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த ‘ஹை எண்ட்’ என்ற உயர்தர ஆடியோ கருவிகள் கண்காட்சிக்கு ஏழு முறை போய்வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் சில.)

ஜெர்மனியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகப் போகிறேன். அந்தக் கண்காட்சியைப் பார்க்க முடியுமா? – கும்பகோணம் வாசகர்

மியூனிக்கில் முடியாது. 2004 முதல் 2025 வரை அங்கே எம்.ஓ.சி. என்ற கண்காட்சி வளாகத்தில் நடந்தது. 2026-லிருந்து வியன்னாவுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். யூ6 மெட்ரோ ரயிலில் கீஃபர்ன்கார்ட்டன் ஸ்டேஷனில் இறங்கி, ரெக்கார்டுப் பையோடு நடக்கும் நரைத்த தலைகளின் பின்னாலேயே போனால் போதும், வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் கண்காட்சியானாலும் பொதுமக்களுக்கான நாள் எது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மியூனிக்கில் முதல் நாளான வியாழன், இந்தத் துறையில் தொழில் செய்பவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அது தெரியாமல் முதல் வருடம் லீவு போட்டுப் போய், வாசலோடு திரும்பினேன்.

கோடி ரூபாய் ஸ்பீக்கரையெல்லாம் கேட்டேன் என்கிறீர்கள். வித்தியாசம் தெரிந்ததா? – திருநெல்வேலி வாசகர்

ஒரு அறையில் ஆளுயர ஸ்பீக்கர் ஒரு ஜோடி. வரிசையில் நின்று, நட்டநடு நாற்காலியைப் பிடித்தேன். பாஸ், அதாவது ஆழமான கீழ் ஒலி, என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. இவ்வளவுதானா என்று எழுந்து பின்சுவரோரம் வந்தால், அதே பாட்டில் டபுள் பாஸ் (ஆளுயர வயலின் மாதிரி வாத்தியம்) வயிற்றில் வந்து இடிக்கிறது! காரணம் ஸ்பீக்கர் இல்லை, அறை. 5 மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நிலை அலை, அதாவது சுவர்களுக்கு இடையே நகராமல் நின்று அதிரும் ஒலி அலை, உண்டாகும். சுவரோரம் அதன் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். போதாததற்கு மியூனிக்கில் மேல்மாடி அறைகள் பலவற்றில் கண்ணாடிச் சுவர். ட்ரெபிள் என்கிற உச்ச ஒலி அதில் பட்டுத் தெறிக்கும், பாஸ் வெளியே ஒழுகும். பக்கத்து அறைக்காரரின் பாஸ் உள்ளே வரும். அதனால் ஒரே பாட்டை நடுவில், ஓரத்தில், பின்னால் என்று மூன்று இடத்திலாவது இருந்து கேட்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள். நான் முதல் இரண்டு வருடம் எழுதிய தீர்ப்புகள் எல்லாம் அறைகளைப் பற்றியவை என்று இப்போது தெரிகிறது.

நம்முடைய இசையைப் போடச் சொல்லிக் கேட்கலாமா? – மதுரை வாசகர்

கேட்காமல் போனால்தான் தப்பு. அங்கே அறைக்கு அறை மெல்லிய பெண் குரலும் மெதுவான ஜாஸும்தான். அந்த மாதிரிப் பாட்டை எந்த ஸ்பீக்கரும் கெடுக்காது. என் பென் டிரைவில் இருந்தது மாமா வீட்டுக் கூடத்தில் நானே பதிவு செய்த மிருதங்கத் தனி ஆவர்த்தனம். வாசித்தவருக்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்ததால், நிஜத்தில் எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது பக்கத்தில்) கரணை என்ற கறுப்புப் பூச்சு இருப்பதால், அதன் அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் அந்த அடிப்படை ஒலியின் முழு மடங்குகளாக அமைகின்றன என்று சி.வி.ராமன் 1920-இலேயே காட்டியிருக்கிறார். வெறும் தோல் போர்த்திய வாத்தியத்தில் அப்படி வராது. ‘தீம்’ என்று விழும் சொல்லில் சுருதி கேட்க வேண்டும். வெறும் ‘டம்’ என்று கேட்டால் அந்த ஸ்பீக்கர் எனக்கு வேண்டாம்.

ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றில் தொப்பி (மிருதங்கத்தின் இடது பக்கம்), தலையணையை அடிப்பது போலக் கேட்டது. கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஸ்டாலில் இருந்த புத்தக அலமாரி சைஸ் ஸ்பீக்கரில் சாப்பு என்ற வலது கை அடி அப்படியே வந்தது. விற்பனையாளர் இன்னொரு முறை போடச் சொல்லி, இது என்ன வாத்தியம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

கூட்டமான நேரத்தில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். காலையில் கதவு திறந்தவுடன் போங்கள். இல்லையென்றால் ஞாயிறு சாயங்காலம், அவர்களே தங்கள் பாட்டைக் கேட்டுச் சலித்திருப்பார்கள்.

நாள் முழுக்கக் கேட்டால் காது என்ன ஆகும்? – சேலம் வாசகி

85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அது பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. 94-க்கு 1 மணி நேரம்தான். பக்கத்து அறையை அமுக்க ஒவ்வொருவரும் வால்யூமைத் திருப்புகிற இடம் அது. பையில் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்கு மேல் எதைக் கேட்டாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்புறம் ஒரு ரகசியம்: எனக்கு வயது 62. 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏதும் கேட்பதில்லை. ‘காற்றோட்டமான ட்ரெபிள்’ என்று அங்கே யாராவது சொன்னால் தலையாட்டுவதோடு சரி.

லட்ச ரூபாய் ஸ்பீக்கர் கேபிளால் வித்தியாசம் தெரியுமா? – கோவை வாசகர்

எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்று சொல்லாமல் பத்து தடவை மாற்றிப் போடும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

என் கணவர் இப்படி ஒரு ஷோவுக்குப் போகத் துடிக்கிறார். எங்கள் ஹாலில் இடமே இல்லை. எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவாரா? – சென்னை வாசகி

பயப்படாதீர்கள், சகோதரி. ஏழு முறை போய் நான் வாங்கியது ரெக்கார்டு துடைக்கும் பிரஷ் ஒன்று. ஆனால் வந்ததும் வீட்டு ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு இரண்டடி முன்னால் இழுத்து வைத்தேன். பாஸ் தெளிந்தது. பின்னால் பெருக்க முடியவில்லை என்று என் மனைவி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.