மருத்துவர் பதில்: நரம்பு வலி மாத்திரையும் டிரமடாலும் சேர்ந்தால்

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு இரண்டு வருடமாக பிரிகாபலின் 75 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறார். போன மாதம் இடுப்பு வலிக்கு வேறொரு டாக்டர் டிரமடால் கொடுத்தார். வலி குறைந்தது, ஆனால் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார், நடந்தால் தள்ளாடுகிறார். வயசுதான் காரணமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: ஒரே மாதத்தில் யாருக்கும் இவ்வளவு வயசாகிவிடாது. நீங்கள் மாத்திரையைச் சந்தேகப்படுவது சரிதான்.

பிரிகாபலின், அதன் பங்காளி காபாபென்டின் இரண்டுமே தனியாகவே தூக்கமும் தலைசுற்றலும் தரக்கூடியவை. டிரமடால், கோடீன், மார்பின் எல்லாம் ஓபியாய்டு என்கிற வலுவான வலி மருந்து வகை. அவை தூக்கத்தோடு நிற்காமல், மூளையில் மூச்சை நடத்துகிற பகுதியையும் மந்தமாக்கும். இரண்டும் ஒரே உடம்பில் சேரும்போது எனக்குப் பயம் தூக்கத்தைப் பற்றி அல்ல, மூச்சைப் பற்றித்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது: ஓபியாய்டு சாப்பிடுகிறவர்கள், வயதானவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள் பிரிகாபலின், காபாபென்டின் எடுத்தால் மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்று. அம்மா இதில் இரண்டு பட்டியலில் இருக்கிறார். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவர் என்றால் இன்னும் மோசம்.

அப்புறம் சிறுநீரகம். பிரிகாபலின் கல்லீரலில் உடைவதில்லை, ஏறக்குறைய அப்படியே சிறுநீரில்தான் வெளியேறும். பல வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், இரண்டு வருடம் முன்பு பொருந்திய அதே 75 இன்று உடம்பில் தேங்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? டோஸைக் குறைத்தாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிட்ட நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்று இரவு ஒன்று செய்யுங்கள். அம்மா நன்றாகத் தூங்கியபின், எழுப்பாமல், நெஞ்சின் மேல் லேசாகக் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், கை ஏறி இறங்கினால் ஒன்று. 12லிருந்து 20 வரை சாதாரணம். பத்துக்குக் கீழே போனாலோ, தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ். வருகிறவர்களிடம் இரண்டு மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள், ஏனென்றால் நலாக்சோன் ஊசி ஓபியாய்டை முறிக்குமே தவிர பிரிகாபலினைத் தொடாது.

சரி, நிறுத்தலாமா? நீங்களாக வேண்டாம். பிரிகாபலினைச் சட்டென்று விட்டால் தூக்கம் கெடும், வியர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்பே வரும்; குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். தினமும் ஒரு மாதம் எடுத்த டிரமடாலும் அப்படியே. ஆனால் மாத்திரை நேரத்தில் அம்மா கண் சொருகி இருந்தால் அந்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். எப்படியானாலும் இன்றே ஒரு டாக்டரிடம் பேசிவிடுங்கள், இரண்டு சீட்டையும் அவர் ஒன்றாகப் பார்க்க வேண்டும். இடுப்பு வலி குறைந்துவிட்டது என்கிறீர்களே, அப்படியானால் முதலில் குறைக்க வேண்டியது டிரமடால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதுவரை தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் சளி மருந்து, மது எதுவும் வேண்டாம். மலச்சிக்கலையும் கேளுங்கள், இரண்டுமே அதைக் கொண்டுவரும், பெரியவர்கள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

டிரமடால் எத்தனை மில்லிகிராம் என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 37.5 என்றும் பக்கத்தில் 325 என்றும் இருந்தால் உள்ளே பாராசிட்டமாலும் இருக்கிறது; காய்ச்சல், தலைவலி என்று அதன் மேல் தனியாக இன்னொரு பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்.