ட்ரஃபிள் விளையும் மரத்தடியில் புல்கூட முளைக்காதாமே, அது மண்ணைக் கெடுக்கிறதா?

ட்ரஃபிள் என்பது மர வேர்களோடு சேர்ந்து மண்ணுக்கு அடியில் உருண்டையாக விளையும் உணவுக் காளான். அது விளையும் மரத்தைச் சுற்றி வட்டமாக மொட்டைத் தரை. தீ வைத்தது போலத் தெரிவதால் பிரான்சில் இதை 'ப்ரூலே', அதாவது 'கருகியது' என்பார்கள். இதைப் பார்த்துத்தான் ட்ரஃபிள் மண்ணைச் சாகடிக்கிறது என்ற பேச்சு கிளம்புகிறது. அந்த மண் செத்த மண் அல்ல, அதில் குடியிருப்பவர்கள் மாறிவிடுகிறார்கள். எல்லா ட்ரஃபிளும் இப்படிச் செய்வதும் இல்லை. பெரிகோர் கருப்பு ட்ரஃபிள் (டியூபர் மெலனோஸ்போரம்) போடும் வட்டம்தான் பளிச்சென்று தெரியும். கோடை ட்ரஃபிளின் வட்டம் மங்கலானது. இத்தாலியின் வெள்ளை ட்ரஃபிள் வட்டமே போடாது. கருப்பு ட்ரஃபிளையே வைத்துப் பேசுகிறேன்.

நம் ஊர் உழவர்களுக்குத் தெரிந்த 'வேம்' (VAM) வேர்ப்பூஞ்சை, வேரின் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. ட்ரஃபிள் வேறு சாதி. ஓக், ஹேசல் மரங்களின் மெல்லிய வேர்நுனிக்கு உறை போட்டாற்போல வெளியே சுற்றிக்கொண்டு, அங்கிருந்து மண்ணுக்குள் இழைகளை அனுப்பும். மரத்துக்குத் தண்ணீரும் தாதுக்களும் கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். 2010இல் இதன் மரபணுத் தொகுதி வெளியானபோது, இலைதழையை மட்கவைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் இதில் மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆகவே தொழுவுரத்தைக் கொட்டினால் ட்ரஃபிள் கொழிக்கும் என்று நினைக்க வேண்டாம். கொழுப்பது போட்டிப் பூஞ்சைகள்தான்.

புல் ஏன் கருகுகிறது? ட்ரஃபிள் வெளிவிடும் ஆவிப்பொருட்கள் சிறு செடிகளின் முளைப்பையும் வேர் வளர்ச்சியையும் தடுப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. எத்திலீனையும் அது உண்டாக்குகிறது. இன்னொன்று, இழைகள் புல்பூண்டின் வேருக்குள் நுழைந்து திசுவை அழுகவைக்கின்றன. மரத்தோடு கூட்டாளி, புல்லிடம் ஒட்டுண்ணி! தரை வெறுமையானதும் வெயில் நேராக விழுகிறது, மேல்மண் சீக்கிரம் சூடேறிக் காய்கிறது. மட்குவதற்குப் புல்வேரும் இல்லை. வட்டத்துக்குள் மற்ற வேர்ப்பூஞ்சை இனங்கள் குறைவதற்கு இதுவும் சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சு ட்ரஃபிள் நிலங்களில் பார்த்தபோது பாக்டீரியாக்களிலும் ஆள் மாற்றம் இருந்தது: பேசில்லஸ் சார்ந்த கூட்டம் வட்டத்துக்குள்ளே அதிகம், சூடோமோனாஸ் வெளியே அதிகம். ட்ரஃபிள் உருண்டைக்குள்ளேயே பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா பெரும்பான்மையாகக் குடியிருக்கிறது. அவரைக் குடும்பத்தின் வேர்முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாவுக்கு உறவுக்காரன்தான்.

இயற்கைக் காட்டில் இந்த ஆதிக்கம் சிறு திட்டுகளோடு நின்றுவிடும். ஒரே மரத்தின் வேரில் பல பூஞ்சைகள் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். அங்கே ட்ரஃபிள் வகைகள் செய்யும் பெரிய வேலை விலங்குகள் வழியாக நடக்கிறது. மண்ணுக்கு அடியில் விளைவதால் காற்றில் வித்துத் தூவ முடியாது, வாசனை காட்டி யாரையாவது தோண்டவைக்க வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் பறக்கும் அணில், ஆஸ்திரேலியாவில் பெட்டாங் என்ற கங்காரு இனத்துச் சிறு விலங்கு, ஐரோப்பாவில் காட்டுப்பன்றி. தின்ற வித்துகள் எச்சத்தில் உயிரோடு வெளியேறி அடுத்த மரத்தடிக்குப் போகின்றன. தோண்டிய குழிகளில் மழைநீர் இறங்குகிறது, சருகு சேர்ந்து மட்குகிறது. ஆஸ்திரேலியக் காடுகளில் பெட்டாங் ஒழிந்த இடங்களில் இந்த மண்கிளறலும் சேர்ந்தே நின்றுபோயிற்று.

தோட்டக் கதை வேறு. மண்ணின் உயிரை அங்கே அதிகம் மாற்றுவது ட்ரஃபிளைவிட மனிதன்தான் என்பேன். ட்ரஃபிளுக்கு வேண்டிய மண்ணின் கார அமில நிலை (pH) ஏறத்தாழ 7.5 முதல் 8.3. ஸ்பெயினின் தெருவேல் பகுதிச் சுண்ணாம்பு மண்ணில் அது இயல்பாகவே இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மான்ஜிமப் போன்ற அமில மண்ணில் எக்டேருக்கு டன் கணக்கில் சுண்ணாம்புத்தூள் போட்டு ஏற்ற வேண்டும். இது மண்புழு முதல் பாக்டீரியா வரை எல்லாவற்றையும் புரட்டிப்போடும், எளிதில் பழைய நிலைக்குத் திரும்பாது. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு வேருக்குக் கிடைக்காமல் பூட்டப்பட்டு இலை மஞ்சளாகும். அதைப் பார்த்து நோய் என்று மருந்தடிப்பவர்கள் உண்டு. சுண்ணாம்பை நடுவதற்கு முன்பே ஆழமாகக் கலந்து, மறுபடி சோதித்த பிறகே கன்று வைக்க வேண்டும்.

இட நிலைமையும் முக்கியம். ஓக், பைன் காட்டை வெட்டிய இடத்தில் நடக்கூடாது, அந்த மண்ணில் பழைய வேர்ப்பூஞ்சைகளின் வித்துகள் காத்திருக்கும். கோதுமை, லாவெண்டர், திராட்சை இருந்த நிலம் நல்லது. அவை வேம் வகையோடு சேர்பவை, ட்ரஃபிளுக்குப் போட்டி குறைவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா பூச்சி தென் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்த பின், அதே நிலங்களில் ஓக் நட்டவர்கள் ட்ரஃபிள் அறுவடை கண்டதில் இதற்கும் பங்குண்டு.

கன்று வாங்கும்போது வேர்நுனியை நுண்ணோக்கியில் பார்த்த சான்று கேளுங்கள். மலிவான இன்னொரு ட்ரஃபிளான டியூபர் புருமாலே கலந்திருந்தால் ஈரமும் மட்கும் மிகுந்த மண்ணில் அதுவே ஜெயிக்கும். சீன ட்ரஃபிளான டியூபர் இண்டிகம் இத்தாலியில் ஒரு தோட்டத்து மண்ணிலேயே வேரூன்றியிருந்தது 2008இல் தெரியவந்தது. அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முதல் சில ஆண்டுகள் கன்றைச் சுற்றி மேலாகக் களை கொத்தினால் போதும். ஆழ உழுதால் பூஞ்சை உறை போட்ட வேர்கள்தான் அறும். வட்டம் தெரிந்தாலும் ட்ரஃபிள் வர மேலும் சில ஆண்டுகள் ஆகும். களைக்கொல்லி அடித்த மொட்டைத் தரையைப் பார்த்து ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். ட்ரஃபிளில் இரண்டு இணை வகைகள் உண்டு, இரண்டும் சேர்ந்தால்தான் ட்ரஃபிள் விளையும், ஆனால் ஒரு மரத்தடியில் பெரும்பாலும் ஒன்றே இருக்கும். அதனால் ஸ்பெயினில் வட்டத்தின் ஓரத்தில் குழி தோண்டி, பீட் (சதுப்பு நில மட்கு), வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) கலவையில் ட்ரஃபிள் வித்துகளைக் கலந்து நிரப்புகிறார்கள்.

கிளைகள் கூடி நிழல் மூடினால் தரை குளிர்ந்து ஈரமாகும், காட்டுப் பூஞ்சைகள் உள்ளே வரும், வட்டம் சுருங்கிப் புல் திரும்பும். விளைச்சல் வேண்டுமென்றால், தரையில் வெயில் படும்படி மரங்களைக் கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும்.