ஆட்டக் கோட்பாடு என்றால் என்ன? நடைமுறையில் அது எதற்கு?

எனக்குக் கிடைப்பது அடுத்தவர் முடிவையும் பொறுத்தது எனும்போது எப்படித் தீர்மானிப்பது? அதை ஆராயும் கணிதமே ஆட்டக் கோட்பாடு.

ஹட்டன் பஸ் நிலையத்தருகே இரண்டு ஓட்டோக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் 300 ரூபாய் கேட்டால் ஹயர் பாதிப் பாதி. ஒருவர் 250க்கு இறங்கினால் எல்லா ஹயரும் அவருக்கு. மற்றவர் சும்மா இருப்பாரா? அவரும் இறங்குவார். அப்புறம் ஹயர் பழையபடி பாதிப் பாதி, வருமானம்தான் குறைவு. 250க்குக் கீழே போனால் கட்டாது என்று வைத்துக்கொண்டால், இனிக் குறைக்கவும் முடியாது; தனியாக விலையை ஏற்றவும் முடியாது, உள்ளதும் போய்விடும். இப்படித் தனியாக மாறி யாருக்கும் லாபமில்லாத நிலையை 1950இல் விளக்கிய அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோன் நாஷ், 1994இல் நோபல் பரிசு பெற்றார்.

கைபேசி நிறுவனங்களுக்கான அலைக்கற்றை ஏலங்களை வடிவமைக்கவும், சிறுநீரகம் தேவைப்படுவோருக்குப் பொருத்தமான கொடையாளரைச் சேர்க்கவும் ஆட்டக் கோட்பாடு உதவுகிறது.

ஆட்டம் என்றாலே ஒருவர் வென்றால் மற்றவர் தோற்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தம் சிறுநீரகக் கொடையாளர் தமக்குப் பொருந்தாததால் அவர்களை மாற்றிக்கொள்ளும் இரு குடும்பங்களுக்கும் நன்மைதான்.