உறையவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஃப்ரைஸில் சத்து இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அவித்த கிழங்கோடு ஒப்பிட முடியாது.

ஃப்ரைஸ் என்பது கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, வெந்நீரில் சற்று வாட்டி, பெரும்பாலும் எண்ணெயில் பாதி பொரித்து, மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்த பண்டம். பலரும் குளிரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். குளிர் பாவம், அது சத்தைக் காப்பாற்றவே செய்கிறது. வெந்நீரில் வாட்டும்போதுதான் வைட்டமின் சி கொஞ்சம் கரைந்து போகிறது, கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதுபோல. ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் (உடம்பு இதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும்) தண்ணீரில் கரையாது, அதனால் பெருமளவு தங்கிவிடும். அது உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். நார்ச்சத்தும் பொட்டாசியமும் ஓரளவு மிஞ்சும்.

சிக்கல் எண்ணெயிலும் உப்பிலும்தான். தோல் நீக்கி அவித்த கிழங்கு 100 கிராமில் சுமார் 76 கலோரி. ஃப்ரைஸில் அது சாதாரணமாக இரண்டு மடங்கைத் தொடும். மொறுமொறுப்புக்காக மாவுப் பூச்சு வேறு சேர்ப்பார்கள். மீந்த இட்லியை உதிர்த்துப் பொரித்தால் மாவு அதேதான், பலகாரம் வேறு இல்லையா? அப்படித்தான் இதுவும். வீட்டில் மறுபடி பொரிக்காமல் ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ சூடாக்கினால் கூடுதல் எண்ணெயாவது மிச்சம்.

அப்புறம், உருளைக்கிழங்கு ஃப்ரைஸைவிட இதில் கலோரி குறைவு என்று ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வைட்டமின் ஏ மட்டுமே பெரிய வித்தியாசம், அதுவும் ஆரஞ்சு நிறக் கிழங்காக இருந்தால்.