விதைக்குள் கட்டுண்ட வைட்டமின்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்கிறார்கள். விதைகளிலும் வைட்டமினைப் பற்றும் புரதங்கள் உண்டாமே? அப்படியானால் பருப்பு வகைகளை நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம் நான்கு பயோட்டின் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு, குடலின் செரிமான நொதிகளுக்கும் அசைந்துகொடுக்காமல் வெளியேறிவிடுகிறது; நன்றாக வேகவைத்தால்தான் அது உருக்குலையும். விதைப் புரதங்களின் பிடி அத்தகையதன்று. அவை குடலில் சிதையும்போது வைட்டமினும் விடுபடுகிறது.

கேள்வி: பட்டாணியில் பயோட்டின் எந்த வடிவில் இருக்கிறது?

பதில்: முதிர்ந்த பட்டாணி விதையில் எஸ்பிபி65 என்றொரு புரதம் இருப்பதை 1990களில் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெயரிலுள்ள 65 என்பது கிலோடால்டன் கணக்கில் அதன் எடை. இதில் பயோட்டின் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. லைசின் என்ற அமினோ அமிலத்தோடு வேதிப்பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக இவ்வாறு பயோட்டின் கோக்கப்பட்ட புரதங்கள் கார்பன் டை ஆக்சைடைக் கைமாற்றும் நொதிகளாக இருக்கும். எஸ்பிபி65 அவ்வாறான நொதியன்று. இலையிலும் வேரிலும் காணப்படாத இப்புரதம், விதை முற்றி உலரும் கட்டத்தில் முளைக்கருவில் சேர்ந்து, முளைக்கத் தொடங்கியதும் விரைவாக மறைந்துவிடுகிறது. நாற்றுக்கென விதை கட்டிவைத்த கட்டுச்சோறு இது என்றே நான் கருதுகிறேன். நாம் உண்ணும்போது, புரதம் செரித்த பின் லைசினோடு எஞ்சும் பயோட்டினை பயோட்டினிடேஸ் என்ற நம் உடலின் நொதி பிரித்தெடுக்கிறது. பிறவியிலேயே இந்த நொதி குறைந்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் தனி பயோட்டினையே கொடுப்பதன் காரணமும் இதுவே.

கேள்வி: எள்ளிலும் தவிட்டிலும் உள்ள தயமின் (வைட்டமின் பி1) சமையலில் வீணாகுமா?

பதில்: நெல், எள், பாப்பரை (பக்வீட்) ஆகியவற்றின் விதைகளிலிருந்து தயமினைப் பற்றும் புரதங்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். உலர்ந்த விதையில் தயமின் பெரும்பாலும் பாஸ்பேட் சேராத வடிவில் இருக்கிறது. இப்புரதங்கள் பற்றுவதும் அந்த வடிவத்தையே. ஆனால் சமையலறையில் நாம் இழப்பதற்குக் காரணம் வேறு. நெல்லில் தயமின் தவிட்டிலும் முளையிலுமே மிகுதி என்பதால், பளபளவென்று தீட்டிய பச்சரிசியில் கொஞ்சமே மிஞ்சுகிறது. நெல்லைப் புழுக்கும்போது அது அரிசியின் உட்புறத்துக்கு ஊடுருவிவிடுவதால், புழுங்கலரிசி தீட்டலையும் வடித்தலையும் ஓரளவு தாங்குகிறது. கொண்டைக்கடலை சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். காரத்தன்மையும் சூடும் சேர்ந்தால் தயமின் அழியும். (1936-இல் தயமினின் அமைப்பை வெளியிட்ட ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது, பெயரிலேயே நெல்லை வைத்திருக்கும் நெல்லூரில்.)

கேள்வி: பயறை முளைகட்டினால் வைட்டமினும் போய்விடுமா?

பதில்: பிடித்திருந்த புரதம் கரைந்தாலும், வைட்டமின் முளைக்குள்ளேயே இருக்கும். ஊறவைத்த நீரில் கொஞ்சம் கரைந்து போவதுண்டு. ஆகவே தேவைக்கு மேல் நீர் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: அவிடின் கொண்ட மக்காச்சோளம் உண்மையா?

பதில்: உண்மை. 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோழியின் அவிடின் மரபணுவை மக்காச்சோளத்தில் புகுத்தினார்கள். தானியத்தில் அவிடின் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டியபோது, அதைத் தின்ற சேமிப்புக் கிடங்குப் பூச்சிகள் பயோட்டின் கிடைக்காமல் மடிந்தன.