பார்ட் மாற்றியும் கோளாறு போகவில்லையா? கார் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: ஏதோ ஒரு பார்ட்டை மாற்றியாயிற்று, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு ஓபிடி ஸ்கேனரும் (காரின் கணினி பதியும் கோளாறு கோட்களைப் படிக்கும் கருவி) கையில் இருந்தால், இவற்றில் பலவற்றுக்குக் காசு செலவழிக்கும் முன்பே விடை தெரிந்திருக்கும்.

புது பேட்டரி போட்டும், இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பொறுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. ஓட்டினால் சார்ஜ் ஏறி, நிறுத்தினால் இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று ரகசியமாகக் கரண்டை உறிஞ்சுகிறது.

அதைப் பிடிக்கும் வழி இது. பானெட்டைத் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பானெட் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கார் தூங்காது. சாவியைத் தூரத்தில் வையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் இக்னிஷனைத் தொடவே கூடாது; ஸ்டார்ட் செய்ய முயன்றால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முதலில் சில ஆம்ப் காட்டும், பயப்பட வேண்டாம். காரில் உள்ள கன்ட்ரோல் யூனிட்கள் (சிறு கணினிகள்) ஒவ்வொன்றாக உறங்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு 50 மில்லிஆம்புக்குக் கீழே இருந்தால் சரி. 400 மில்லிஆம்ப் காட்டினால், 45 ஆம்ப்-அவர் பேட்டரி இரண்டு நாளில் ஏறக்குறைய 19 ஆம்ப்-அவரை இழக்கும்.

அடுத்து, எந்தச் சர்க்யூட் என்று பார்க்க வேண்டும். பலர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். திரும்பச் செருகும்போது யூனிட்கள் விழித்துக்கொண்டு கணக்கையே குழப்பிவிடும். பிடுங்காமல், ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளந்தால் போதும். பூஜ்யம் இல்லாத இடத்தில் கரண்ட் ஓடுகிறது. வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ, டேஷ்கேம், டிக்கி விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) ஆகியவற்றில்தான் பெரும்பாலும் சிக்கும். எல்லா ஃபியூஸும் பூஜ்யம் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு கசிவதாகச் சந்தேகிக்கலாம். சார்ஜிங் வோல்டேஜ் சரியாக இருந்தாலும் இது நடக்கும். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வேகமாகப் போனால் இறங்கிவிடுகிறது. கூலன்ட் அளவு சரியாகவே இருக்கிறது.

ரேடியேட்டர் ஃபேன்தான். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. அதே எண் கொண்ட இன்னொரு ரிலேயை, உதாரணமாக ஹாரனுடையதை, இடம் மாற்றிப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு ஃபேன் கனெக்டரைக் கழற்றி, மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் சுற்றாமல், ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டியதும் சுற்றினால், மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டு வேக ஃபேனில் அதிவேகம் மட்டும் வேலை செய்தால் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். இக்னிஷன் ஆஃபில் இருந்தாலும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும், கையைத் தள்ளி வையுங்கள்.

நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறினால் கதை வேறு: அடைபட்ட ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், அல்லது வாட்டர் பம்ப். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் வைத்தியத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல்தான் வீணாகும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம். 1.1 பார் அழுத்த மூடியின் கீழ், பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் 128 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் கொதிநிலை 107-க்கு அருகே இறங்கி, உள்ளே இருப்பது அப்படியே பொங்கி முகத்தில் அடிக்கும்.

கார் ஓடும்போது ஏசி குளிர்கிறது, நின்றால் வெதுவெதுப்பு. கேஸ் நிரப்ப வேண்டுமா?

முதலில் மேலே சொன்ன ஃபேன் சோதனை. அடுத்து கண்டென்சரில் படிந்த தூசி. இரண்டும் சரியென்றால்தான் கேஸ்.

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. டிஸ்க் மாற்றியும் மறுபடி வந்துவிட்டது.

பிரேக் மிதிக்காமலே குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கினால் அது வீல் பேலன்சிங். உங்களுடையது டிஸ்க்தான். ஆனால் “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் வளைவே கிடையாது; சுற்றுவட்டத்தில் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே கைக்குத் தெரியும்.

மறுபடி வந்ததற்கு வழக்கமான காரணம், டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துரு. அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கைப் பொருத்தினால் டிஸ்க் லேசாகச் சாய்ந்து சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடில் உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்துவிடும். ஒயர் பிரஷால் ஹப்பை வெள்ளையாகும் வரை தேய்த்து, டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பல கார்களில் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு முடுக்குங்கள். பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின்கள் கையால் நகர்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

செக் எஞ்சின் விளக்கு, கோட் பி 0171. ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன், அதே கோட் மறுபடியும்.

எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்று சென்சார் சொல்கிறது. சொன்னவனை மாற்றிவிட்டீர்கள்! ஸ்கேனரில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம் (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) +20 இருந்து, 2500 ஆர்.பி.எம்மில் +5-க்கு இறங்கினால் வேக்கம் கசிவு, அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு என்பதால் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட் என்று தேடுங்கள். நேர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து லோடில் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. பிந்தையதை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், உள்ளே இருக்கும் கம்பியை விரல் தொடக் கூடாது. இந்தச் சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் எஞ்சின்களில் கசிவு பெரும்பாலும் கோடாக வராது; ஐடில் வேகம் கூடுவதாகத்தான் தெரியும்.

ஒரு ஹெட்லைட் மட்டும் மங்கல். பல்பு புதிது.

எர்த். விளக்கை எரியவிட்டு, பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் அளங்கள். 0.2-க்கு மேல் இருந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட், துரு நீக்கி இறுக்குங்கள். ஹாலஜன் பல்புக்கு 12-க்குப் பதில் 10.5 வோல்ட் போனாலே வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.