ஆறு சிலிண்டர் காரின் சைலன்சரை மாற்றுமுன்: வாசகர் கேள்வி-பதில்

வன்னியில் ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் சைலன்சர் மாற்றுவது பற்றி வரும் கடிதங்களைப் பார்த்தால், ஒழுங்கைக்கு ஒன்று நிற்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. காரின் ஆண்டையும் எஞ்சின் வகையையும் எழுதாத கடிதங்களை, ஒன்றைத் தவிர, ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என்னிடம் நிசான் பெயார்லேடி இசட் இருக்கிறது. பின்பக்கம் முழுவதையும் இரட்டை மூன்று அங்குலக் குழாயாக மாற்ற விரும்புகிறேன். எவ்வளவு பவர் கூடும்? (வவுனியா)

ஒதுக்காமல் விட்ட கடிதம் இதுதான். அந்தப் பெயரில் 1969 முதல் கார்கள் வருகின்றன. எந்த இசட் என்பதை நான் எப்படி அறிவது? மூன்றரை லீற்றர் என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு சொல் இருப்பதால், 350 இசட் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த எஞ்சினின் வலு ஏறத்தாழ 280 குதிரைவலு. 2007 முதல் வந்தவற்றில் 300ஐத் தாண்டும். கொன்வேட்டருக்கு, அதாவது புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டிக்கு, பின்னாலுள்ள பகுதியை மட்டும் மாற்றினால் 5 முதல் 10 குதிரைவலு வரை கூடலாம், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓடும்போதுதான். இரண்டரை அங்குலக் குழாய்கள் இரண்டின் உட்பரப்பு ஒரு மூன்றரை அங்குலக் குழாயின் உட்பரப்புக்குச் சமமாகிவிடும் என்றால், உங்கள் இரட்டை மூன்று அங்குலம் யாருக்கு வேண்டியது என்று யோசித்துப் பாருங்கள்; பெரிய டர்போ பூட்டிய எஞ்சினுக்கு அது பொருந்தும், உங்களுடையதற்குக் கீழ்ச்சுற்றில் இழுவைதான் குறையும். இரட்டைக் குழாய்தான் வேண்டுமென்றால் இரண்டேகால் அங்குலம் போதும், இரண்டரைக்கு மேல் போகவேண்டாம். வளைவுகளில் குழாய் நசுங்காமல், உள்ளே மண்ரல் என்ற அச்சை வைத்து வளைத்திருக்கிறார்களா என்று கையால் தடவிப் பாருங்கள். கழற்றிய பழைய சைலன்சரை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காரை விற்கும் நாளில் தேடுவீர்கள்.

கேள்வி: எஞ்சினுக்குக் கொஞ்சமாவது பின்னழுத்தம் (புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிரழுத்தம்) தேவை என்கிறார்களே, உண்மையா? (கிளிநொச்சி)

இல்லை. தேவைப்படுவது புகையின் வேகம். குழாய் அளவாக இருந்தால் ஒரு சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். அளவுக்கு மீறிப் பெருத்தால் வேகம் குறைந்து அந்த இழுப்பு கெடும். அதைப் பார்த்தவர்கள்தான் பின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று பெயர் வைத்தார்கள்.

கேள்வி: சைலன்சர் மாற்றிய பின், பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் எஞ்சின் 2000 சுற்று அளவில் ஓடும்போது காதை அடைக்கும் ஓர் இரைச்சல். வேகத்தைக் கூட்டினால் மறைகிறது. சைலன்சர் பழுதா? (மாங்குளம்)

சைலன்சரில் பழுதில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கிறது. 2000 சுற்றில் அது செக்கனுக்கு 100 அதிர்வாகிறது. கார்க்கூட்டுக்குள் இருக்கும் காற்று அந்த அதிர்வோடு சேர்ந்து முழங்குவதால்தான் காது அடைக்கிறது. நடுவில் இருந்த, முழக்கத்தைத் தணிக்கும் சிறிய ரெசொனேற்றர் பெட்டியை வெட்டி நேர்க்குழாய் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதலில் அதைத் திரும்பப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், பிரதான குழாயிலிருந்து பக்கவாட்டில் கிளைக்கும், மறுமுனை அடைத்த குழாய் ஒன்றை ஒட்டலாம். அதன் நீளம் அந்த ஒலியலையின் கால்வாசியாக இருக்கவேண்டும். சூடான புகையில் ஒலி செக்கனுக்கு 450 முதல் 500 மீற்றர் வரை போகும் என்று எடுத்தால், 100 அதிர்வுக்கு ஏறக்குறைய 1.2 மீற்றர் வரும். கொஞ்சம் நீளமாக வைத்து, ஓட்டிப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டி இரைச்சலை மறைப்பதைத் தீர்வாக எடுக்கவேண்டாம். இரவில் ஏ9 வீதியில் மாடு படுத்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி: கனடாவிலிருந்து மச்சான் ஹெடர் செற் (எஞ்சினோடு பூட்டும் புகைக்குழாய்த் தொகுதி) ஒன்றை அனுப்பப்போகிறார். வாங்கலாமா? (புதுக்குடியிருப்பு)

மச்சானுடைய காரில் ஸ்டீயரிங் இடப்பக்கம், உங்களுடையதில் வலப்பக்கம். வலப்பக்கக் குழாய்கள் ஸ்டீயரிங் தண்டில் முட்டினால் என்ன செய்வீர்கள்? வலப்பக்க ஸ்டீயரிங் காருக்குப் பொருந்தும் என்று செய்தவரிடமிருந்து எழுத்தில் வந்தால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கொன்வேட்டர் அடைபட்டதால்தான் இழுவை இல்லை, வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போடுவோம், கூலி கூட வேண்டாம் என்று கராஜில் சொல்கிறார்கள். வெட்டலாமா? (வவுனியா)

கூலி வேண்டாம் என்று சொன்னபோதே நீங்கள் விழித்திருக்கவேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. பழைய கொன்வேட்டரை வாங்குவதற்கென்றே ஆட்கள் ஊர் ஊராகத் திரிகிறார்கள். வி வடிவ எஞ்சினில் பெரும்பாலும் சிலிண்டர் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்தது இரண்டு இருக்கும். உங்கள் சொத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, உங்களுக்கே உதவி செய்ததாகச் சொல்லி அனுப்புகிறார்கள். இதைப் பற்றி நான் எழுதாத ஆண்டில்லை, இந்த வியாபாரம் குறைந்தபாடுமில்லை.

அடைப்பு உண்டா என்பதை வாயால் சொல்லத் தேவையில்லை, அளந்து பார்க்கலாம். கொன்வேட்டருக்கு முன்னாலுள்ள ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தமானியைப் பூட்டுங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை பீ.எஸ்.ஐக்கும் (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்), 2500 சுற்றில் மூன்றுக்கும் உட்பட்டிருந்தால் கொன்வேட்டரில் குறையில்லை, நோய் வேறிடத்தில். உண்மையிலேயே அடைபட்டிருந்தாலும், ஏன் அடைபட்டது என்று கேட்கவேண்டும். ஒரு பிளக் ஒழுங்காக எரியாமல் எரியாத பெற்றோல் உள்ளே போனால் பீங்கான் உருகிவிடும். எஞ்சின் ஒயில் குடித்தாலும் கெடும். காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழிதான் போகும்.

வெட்டிவிட்டால் வருபவை இவை. கொன்வேட்டருக்குப் பின்னாலுள்ள சென்சர், அது வேலை செய்யவில்லை என்று அறிவித்து, டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும்; அந்த விளக்கு நிரந்தரமாக எரிந்துகொண்டிருந்தால், நாளைக்கு உண்மையான பழுது வரும்போது எதைப் பார்த்து அறிவீர்கள்? புகையில் காபனோரொட்சைட்டும் எரியாத பெற்றோலும் கூடிப் புகைப் பரிசோதனையில் தோற்பீர்கள், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. இத்தனைக்கும் டர்போ இல்லாத எஞ்சினில் கிடைப்பது ஒரு சில குதிரைவலு. இழுவைதான் குறியென்றால், சதுர அங்குலத்துக்கு 200 அறைகள் கொண்ட உலோகக் கொன்வேட்டரைப் போடுங்கள். புகை இலகுவாகப் போகும். எதை மாற்றினாலும், மறுபடி சொல்கிறேன், கழற்றிய பழையதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: முல்லைத்தீவுக் கடற்கரையோரம் வீடு. எந்த உருக்கில் சைலன்சர் செய்விக்கலாம்?

304 வகைத் துருப்பிடியா உருக்கில். 409 வகை மலிவு, ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரம் மேற்பரப்பு சிவக்கும். காந்தம் 409இல் இறுகப் பிடிக்கும், 304இல் அநேகமாகப் பிடிக்காது. கடைக்குக் காந்தம் கொண்டுபோங்கள். 304 சூட்டில் அதிகம் நீளும்: இரண்டு மீற்றர் குழாய் 300 பாகை சூடேறினால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு. ஆகவே நெளியும் இணைப்பும் நல்ல இறப்பர் தொங்கிகளும் இல்லாமல் பூட்டினால் ஒட்டு வெடிக்கும். ரிக் வெல்டிங் செய்பவர் குழாயின் உட்புறத்துக்கும் ஆகன் வாயு விடுகிறாரா என்று பாருங்கள். விடாவிட்டால் ஒட்டின் உட்பக்கம் கருகித் துரு அங்கிருந்துதான் தொடங்கும். கடலை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக வருகிறது. சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரில் அது வெளியேறாமல் சைலன்சருக்குள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி: நேரான ஆறு சிலிண்டர் பீ.எம்.டபிள்யூ. காலையில் 'டிக் டிக்' சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது. சைலன்சரை மாற்றட்டுமா? (கிளிநொச்சி)

வேண்டாம். எஞ்சினோடு பூட்டிய புகைவழியான மனிபோல்டில் வெடிப்போ, அதன் இணைப்பை அடைக்கும் காஸ்கற்றில் கசிவோ இருக்கலாம். உலோகம் சூட்டில் விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இணைப்புகளில் புகைக்கறுப்புப் படிந்த இடத்தைத் தேடுங்கள். கசிவைப் பார்க்காமல் பொருள் வாங்காதீர்கள்.

கேள்வி: குழாய்க்கு வெப்பநாடா சுற்றலாமா? (மன்னார்)

சாதாரண இரும்புக் குழாய்க்கு வேண்டாம். மாரியில் ஈரத்தைப் பிடித்து வைத்து அரித்துவிடும்.

கேள்வி: வீதியில் காயப்போட்ட வைக்கோலின் மேல் ஓட்டியபின் அடியில் தீய்ந்த மணம் வருகிறது. புதிய சைலன்சரின் பூச்சு எரிகிறதா? (நெடுங்கேணி)

பூச்சு எரியும் மணம் முதல் இரண்டொரு ஓட்டத்தோடு போய்விடும். இது வைக்கோல். கொன்வேட்டரின் மேற்பரப்பில் சருகு பற்றக்கூடிய சூடு உண்டு. புதிய குழாயைப் பூட்டும்போது சூட்டை மறைக்கும் வெப்பத்தகட்டைக் கழற்றி மூலையில் போட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாமல், எஞ்சின் ஆறிய பின் காரை உயர்த்தி, சிக்கியதை இழுத்தெடுத்துவிட்டு, அந்தத் தகட்டைத் தேடிப் பூட்டச் சொல்லுங்கள்.